170 கிலோவுக்கு மேல் நோயாளி, வண்டியில் இரண்டே பேர். ஸ்ட்ரெச்சரை எப்படித்தான் கையாளுகிறீர்கள்?

#1 சைரன்_சத்தம்

எட்டு வருடமாகச் சென்னையில் ஒரு தனியார் ஆம்புலன்ஸில் இஎம்டி, அதாவது வண்டியில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற அவசர மருத்துவ உதவியாளர். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அடுத்த மாதச் சம்பளம் வேண்டும்.

போன வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு கால். மூச்சுத் திணறல், ஆண், ஐம்பது வயசு. இவ்வளவுதான் சொன்னார்கள். அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. போய்ப் பார்த்தால் கட்டில் ஓரத்தில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், 170 கிலோவுக்குக் குறையாது. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து லிஃப்டில் எப்படியோ கீழே கொண்டுவந்துவிட்டோம். பார்க்கிங்கில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றி, வண்டியில் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று அங்கேயே முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, நான், பைலட் (எங்கள் வண்டி டிரைவர்), நோயாளியின் பையன், வாட்ச்மேன் நாலு பேரும் தள்ளிக்கொண்டு போகிறோம். மழைத்தண்ணீர் போகிற கால்வாய்மேல் இரும்பு ஜாலி போட்டிருப்பார்களே, அதில் முன் சக்கரம் ஒன்று மாட்டி நின்றுவிட்டது. நாங்கள் நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சர் அப்படியே இடது பக்கம் சாய ஆரம்பித்தது.

வாட்ச்மேன் பெரியவர் தோளைக் கொடுத்தார், நான் இடுப்பைக் கொடுத்தேன். எப்படி நின்றது என்று இன்னும் புரியவில்லை. நோயாளி பயத்தில் என் சட்டையைப் பிடித்த பிடியில் இரண்டு பட்டன் போய்விட்டது. வண்டிக்குள் ஏற்றி ஆக்சிஜன் மாஸ்க் போட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சுக்கப்பா." அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

மறுநாள் ஆபீஸில் சொன்னால், "அக்கம்பக்கத்துல நாலு பேரைக் கூப்பிட்டுக்கோ, இதுக்கெல்லாம் தனியா ஆள் அனுப்ப முடியாது" என்கிறார்கள். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

#2 பழைய_பைலட்

தம்பி, நாலு பேர் இருந்தும் சாய்ந்தது என்றால் குறை ஆளில் இல்லை, உயரத்தில். பதினாலு வருஷம் வண்டி ஓட்டியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

ஸ்ட்ரெச்சர் நீளம் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர், ஆனால் சக்கரத்துக்குச் சக்கரம் அகலம் இரண்டடி கூட வராது. நீளவாக்கில் அதைக் கவிழ்ப்பது கஷ்டம், பக்கவாட்டில் ரொம்பச் சுலபம். முழு உயரத்துக்கு ஏற்றினால் எடை முழுக்க மேலே போய்விடுகிறது. பெரிய உடம்பு என்றால் வயிறும் தொடையும் மெத்தைக்கு வெளியே வந்து, அவர் கொஞ்சம் அசைந்தாலே பாரம் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். சக்கர வரிசையைத் தாண்டி அந்தப் பாரம் வெளியே போன நொடி, உன் கையில் ஒன்றும் இல்லை. அவர் 170, ஸ்ட்ரெச்சர் ஒரு 40, மொத்தம் 210 கிலோ சரிகிறது. அதை இடுப்பைக் கொடுத்து நிறுத்தினாய் என்றால் அது உன் அதிர்ஷ்டம். அடுத்த தடவை இடுப்பைக் கொடுக்காதே.

தரையில் தள்ளும்போது எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்து. குனிந்து தள்ள வேண்டியிருக்கும், முதுகு வலிக்கும், பரவாயில்லை, மெதுவாகப் போ. வண்டியின் பின்கதவுக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் உயரத்தைத் தொட வேண்டும். தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் நீளவாக்கில் மட்டும் தள்ளட்டும், மற்ற இருவர் பக்கத்துக்கு ஒருவராகக் கையை வைத்துக்கொண்டு நடக்கட்டும், அவர்கள் தள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் ஆர்வக்கோளாறில் தள்ளினால் அவனே கவிழ்த்துவிடுவான். அப்புறம் ஒரு ஆள் முன்னாலே நடந்து பாதையைப் பார்த்துவிட்டு வரணும். ஜாலி, பேவர் பிளாக் இடுக்கு, கேட் தண்டவாளம் எல்லாம் இரண்டு நிமிஷ வேலை. ஜாலி மேல் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டிருந்தால் உன் சட்டைக்கு இந்தக் கதி வந்திருக்காது.

#3 இரும்புக்கை

இவ்வளவு கணக்கு எதற்கு பிரோ. எங்கள் ஊர்ப் பக்கம் நல்ல பவானி ஜமுக்காளம் ஒன்று, எட்டுப் பேர், ஒரே தூக்கு, முடிந்தது கதை. மாடியில் இருந்து அப்படி எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறோம். ஆள் பலம் இருந்தால் மெஷின் எதற்கு.

#4 வார்டு_அக்கா

@இரும்புக்கை ஜமுக்காளத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஒன்றும் இல்லாத இடத்தில் அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் எட்டுப் பேர் தூக்கினால் நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கும். உள்ளே இருப்பவர் சுருண்டு போவார், கழுத்து முன்னால் மடியும், வயிறு மேலே ஏறி நெஞ்சை அழுத்தும். சாதாரண உடம்பு தாங்கிக்கொள்ளும். முதல் பதிவில் சொன்னாரே, முட்டியில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார் என்று, அப்படிப்பட்டவர் மாடியில் இருந்து கீழே வருவதற்குள் நீலமாகிவிடுவார்.

நெஞ்சு நின்றுபோன கேஸ் தவிர, ரொம்பப் பருமனானவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், இரண்டு நிமிடம்தானே என்று கூட. வயிற்றின் எடை உதரவிதானத்தை மேலே தள்ளிவிடும், நுரையீரல் விரிய இடமிருக்காது, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) சடசடவென்று விழும், திரும்ப ஏற நேரமாகும். தலைமாட்டை உயர்த்துங்கள். தலையணையைத் தலைக்கு மட்டும் வைத்தால் கழுத்துதான் மடியும், தோளுக்கும் முதுகுக்கும் அடியில் மடித்த போர்வைகளை அடுக்கிச் சரிவு கட்டுங்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அதுதான் அளவு.

இன்னொன்று, பிபி பார்க்கக் கையில் சுற்றுகிற சாதாரண பட்டை, அதாவது கஃப், அந்தக் கையைச் சுற்றி வராது. இழுத்துச் சுற்றி ஒட்டினால் உள்ளதை விட அதிகமாகத்தான் காட்டும். 190 என்று பார்த்துப் பயந்துபோய் எங்களுக்குப் போன் செய்வார்கள், இங்கே பெரிய கஃப்பில் பார்த்தால் 150. பெரிய கஃப் இல்லையென்றால் முன்னங்கையில் போட்டுப் பார்த்து, அப்படிப் பார்த்தோம் என்று எழுதிக் கொடுங்கள், போதும்.

#5 குளிர்தேசத்தான்

வணக்கம். ஊர் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோ பக்கம் பராமெடிக். உங்கட இழையை வாசிக்க எனக்கு முதல் வருசம் நினைவு வருது.

இங்கே நாங்கள் பாவிக்கிறது பேட்டரியில் ஏறி இறங்கும் ஸ்ட்ரெச்சர். ஸ்ட்ரைக்கர் பவர் புரோ என்று ஒன்று, உச்சபட்சம் 318 கிலோ தாங்கும். ஆனால் சும்மா இருக்கும்போதே அது ஐம்பது கிலோவுக்கு மேலே, படியில் தூக்கிக்கொண்டு ஏற ஏலாது. அதைவிடப் பெரிய உடம்புக்கு அகலமான தனி ஸ்ட்ரெச்சர் இருக்குது. அதில் ஒரு மாடல் ஆகத் தாழ்ந்த நிலையில் 726 கிலோ தாங்கும், கொஞ்சம் உயர்த்தினால் 386 கிலோதான். பழைய பைலட் அண்ணை சொன்ன உயர விஷயத்தை அந்தக் கம்பெனிக்காரனே தகட்டில் அடிச்சு வைச்சிருக்கிறான், பாருங்கோ.

படுக்கையில் இருந்து மாற்றுறதுக்கு மெகா மூவர் என்று ஒரு விரிப்பு. அதுவும் உங்கட ஜமுக்காளம்தான், சுற்றிவரப் பதினாலு கைப்பிடி தைச்சிருக்கும், 450 கிலோ வரை தாங்கும். விலையும் பெரிசில்லை.

ஆள் பலம் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் நியோஷ் என்று தொழிலாளர் உடல்நலத்துக்கான அரசு ஆய்வு நிறுவனம் இருக்குது. எல்லாம் வாய்ப்பாக அமைஞ்சாலும் ஒரு ஆள் தூக்க 23 கிலோதான் என்று அவையின்ட கணக்கு. அது பெட்டி தூக்க. நோயாளியைத் தூக்க என்றால் 16 கிலோவுக்கு மேலே வேண்டாம் என்று அங்கேயிருந்தே பிறகு ஒரு ஆய்வாளர் எழுதினார். ஏனென்றால் பெட்டி அசையாது, உங்கட கழுத்தைக் கட்டிப் பிடிக்காது. 170ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கோ, எத்தனை பேர் என்று தெரியும். அந்த அறைக்குள்ள அத்தனை பேர் நிக்கவே ஏலாது, அதனால்தான் கருவி.

#6 சைரன்_சத்தம்

அண்ணை, படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. எங்கள் வண்டியில் இருப்பது பேட்டரி இல்லாத ஆட்டோ லோடர்தான், வண்டிக்குள் தள்ளினால் கால் மடங்குமே, அது. உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு இன்று காலையில் அடியில் குனிந்து தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். 159 கிலோ என்று போட்டிருக்கிறது. எட்டு வருடமாக அதைத் தள்ளுகிறேன், இன்றுதான் படித்தேன். அது ஏன் 159, ஒரு 160 என்று போட்டுத் தொலைக்கக் கூடாதா.

அப்படியானால் அன்றைக்குச் சாயாமல் இருந்தாலும் நான் செய்தது தப்புதான்.

#7 குளிர்தேசத்தான்

350 பவுண்டுதான் 159 கிலோ. அளவு பவுண்டில் பிறந்து கிலோவுக்கு மாறி வந்தது. இரண்டாகப் பிரிச்சு ஆளுக்கு அடியில் செருகிற ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் பலதிலும் அதே எண்தான் இருக்கும், அதையும் பார்த்து வையுங்கோ.

#8 பழைய_பைலட்

இந்த ஆட்டோ லோடர் விஷயத்தில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. தள்ளினால் தானே மடங்கி உள்ளே போய்விடும் என்கிறார்கள். மடங்குவது கால், எடை எங்கேயும் மடங்காது. தலைமாட்டுச் சின்னச் சக்கரம் வண்டித் தளத்தில் ஏறியதும் முன்கால் மடியும், அப்புறம் பின்கால் மடியும் நேரத்தில் கால்மாட்டில் நிற்பவன் கையில் கிட்டத்தட்டப் பாதி எடை வந்து உட்காரும். சின்ன உடம்பில் அது தெரியாது. 210 கிலோ என்றால் நூறு கிலோவுக்கு மேல், மூன்று நாலு நொடி. என் டிஸ்க் நழுவியது அந்த மூன்று நொடியில்தான், இடுப்புப் பக்கம் எல்4-எல்5 எலும்புக்கு நடுவில். இப்போது வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மனைவி திட்டுகிறாள்.

ஆகவே ஏற்றும்போது கால்மாட்டில் இரண்டு பேர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர், வண்டிக்குள் ஒருவர் இழுத்துக் கொக்கியில் மாட்ட. ஐந்து பேர். குரல் கொடுப்பவர் ஒரே ஆள். "ஒண்ணு ரெண்டு மூணு" என்றால் மூணில் தூக்குவதா, மூணு முடிந்தா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், பாதி விபத்து அதில்தான்.

#9 ஓடிஸ்_இல்லாத_லிஃப்ட்காரன்

நான் லிஃப்ட் சர்வீஸ் வேலை, சம்பந்தமில்லாமல் உள்ளே வந்து படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பதிவில் லிஃப்டில் "எப்படியோ" இறக்கினோம் என்கிறாரே, அந்த "எப்படியோ" எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

லிஃப்ட் உள்ளே பலகையில் ஆள் கணக்கு இருக்கும். நம் நாட்டில் ஒரு ஆள் 68 கிலோ. 4 பேர் லிஃப்ட் 272 கிலோ, 6 பேர் 408, 8 பேர் 544. அடுக்குமாடிகளில் பெரும்பாலும் 6 பேர் லிஃப்ட், அதில் ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்கில் நுழையாது. நோயாளி 180, சக்கர நாற்காலி 20, கூட நீங்கள் இரண்டு பேர் 150, மொத்தம் 350. 408க்குள் வந்துவிட்டது. பையனும் வாட்ச்மேனும் "நானும் வரேன்" என்று ஏறினால் 490, லிஃப்ட் கத்தும், கதவு மூடாது. அவர்களைப் படியில் அனுப்புங்கள். 4 பேர் லிஃப்ட் என்றால் நாற்காலியில் நோயாளியோடு ஒரே ஒருவர் ஏறினாலே 275, 272ஐத் தாண்டிவிடும்.

நாற்காலியை உள்ளே தள்ளும்போது கேபின் லேசாகக் கீழே இறங்கும், ஒரு விரல் அளவு படி விழும். சின்ன முன்சக்கரம் அதில் தட்டும். அதனால் பின்சக்கரம் முதலில் போகிற மாதிரி, பின்பக்கமாக இழுத்து ஏற்றுங்கள். பல லிஃப்டில் உள்ளே அட்டெண்டன்ட் சுவிட்ச் இருக்கும், சாவி வாட்ச்மேனிடம். அதைப் போட்டால் வேறு மாடியில் யாராவது பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் உங்களை விட்டுப் போகாது.

#10 வார்டு_அக்கா

இந்தத் தம்பிக்கு ஒரு சோறு போடணும். எங்கள் மருத்துவமனையில் கூட இதை யாரும் சொன்னதில்லை.

நான் மறந்த ஒன்று: கிளம்புவதற்கு முன்னால் சேர்க்கப் போகிற மருத்துவமனைக்குப் போன் போட்டு எடையைச் சொல்லுங்கள். சிடி ஸ்கேன் மேசை பலதும் 200 கிலோவை ஒட்டித்தான் தாங்கும். கட்டிலுக்கும் அளவு உண்டு. சொல்லாமல் வந்து நின்றால் கேஷுவாலிட்டி வாசலில் ஸ்ட்ரெச்சர் மேலேயே அரைமணி நேரம் கிடப்பார். சொன்னால் பெரிய கட்டிலைத் தேடி இழுத்துப் போட்டு, ஆளையும் வாசலில் நிறுத்திவைப்போம். இறக்கும்போதும் ஐந்து பேர் வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள்.

#11 இரும்புக்கை

சரி, ஆனால் எடையை எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டு மெஷின் 150ஐத் தாண்டினால் எர்ரர் என்கிறது. கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கு ஒரு எண்.

#12 பழைய_பைலட்

வீட்டாரைக் கேள், பொண்டாட்டிக்குத் தெரியும். தெரியாவிட்டால் கடைசியாக எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், சீட்டைக் கொண்டா என்று கேள். அதுவும் இல்லையா, அரிசி மூட்டைக் கணக்கு. 25 கிலோ சிப்பம் எல்லாரும் தூக்கியிருப்பார்கள், ஆறு சிப்பமா ஏழு சிப்பமா என்று மனசில் அடுக்கிப் பார், இருபது கிலோ முன்னே பின்னே வரும். சந்தேகம் வந்தால் கூட்டியே வை.

ஒரு தடவை நாங்கள் ஊர் விட்டு ஊர் மாற்றல் கேஸில், அவசரமில்லாத நோயாளி, போகிற வழியில் லாரி எடை மேடையில் வண்டியை ஏற்றினோம். திரும்பி வரும்போது காலி வண்டியை நிறுத்திக் கழித்தோம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் மருந்துக் கணக்குப் போட அந்த டாக்டருக்கு அதுவே போதுமாக இருந்தது. மேடைக்காரர் காசு வாங்கவில்லை.

#13 பெயர்_வேண்டாம்

இரண்டு நாளாகப் படித்துவிட்டு இன்று கணக்குத் தொடங்கி எழுதுகிறேன். என் அம்மா 165 கிலோ இருந்தார். நாலு தடவை ஆம்புலன்ஸில் போயிருக்கிறார்.

அம்மாவுக்கு வலியை விட நைட்டி விலகுவதுதான் பயம். தூக்குகிற அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை. எதிர் பிளாட் பால்கனியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தூக்க வந்த ஒருவர் என் காதுபட "எத்தனை டன்னும்மா" என்று சிரித்தார். அதற்கு அடுத்த தடவை அம்மா உடம்பு சரியில்லை என்பதையே இரண்டு நாள் எங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் ஐந்து பேரை வைத்துத் தூக்குங்கள், எட்டுப் பேரை வைத்துத் தூக்குங்கள், ஆனால் முதலில் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். கடைசி முறை வந்த பையன் அப்படிச் சொன்னான். "அம்மா, உங்களால எவ்வளவு நகர முடியும்னு காட்டுங்க, மீதிய நாங்க பாத்துக்கிறோம்" என்றான். அம்மா தானே புரண்டு பாதி விரிப்பில் வந்துவிட்டார்.

#14 இரும்புக்கை

அக்கா, படித்தேன். எங்கள் ஆட்களும் அப்படிப் பேசியிருக்கிறோம். தப்புதான்.

#15 நூலகத்து_எலி

2017இல் எகிப்தில் இருந்து இமான் அகமது என்ற பெண்ணை மும்பைக்குக் கொண்டுவந்தார்களே, நினைவிருக்கிறதா? ஏறத்தாழ 500 கிலோ என்று செய்தி. சரக்கு விமானத்தில் வந்து, விமான நிலையத்தில் இருந்து லாரியில், மருத்துவமனையில் கிரேன் வைத்துக் கட்டிலோடு தூக்கினார்கள். அதற்கு முன் 2013இல் சவுதியில் 610 கிலோ இளைஞர் ஒருவரை மன்னர் உத்தரவில் வீட்டில் இருந்து ஃபோர்க்லிஃப்ட் வைத்து வெளியே எடுத்தார்கள். அவ்வளவு பெரிய எடையில் எல்லாரும் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். 170, 180இல்தான் "நாலு பேரைக் கூப்பிட்டுக்கோ" என்கிறார்கள்.

#16 பழைய_பைலட்

சரியாகச் சொன்னாய். இரண்டு பேரால் ஆகாது என்றால் தொடுவதற்கு முன்னாலேயே ஆபீஸுக்குப் போன் போட்டு, "இன்னொரு வண்டி ஆள் வேண்டும்" என்று நேரத்தோடு பதிவு செய்யச் சொல். தராவிட்டால் 101, தீயணைப்பு மீட்பு ஆட்கள் வருவார்கள், எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறார்கள், கயிறும் பழக்கமும் உள்ளவர்கள். அதுவரை நோயாளியை உட்கார்த்தி ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டு இரு. வீட்டுக்காரர் கத்துவார். கத்தட்டும். நெஞ்சு நின்றுபோன கேஸ், தீப்பிடித்த வீடு என்றால் வேறு கதை, அங்கே ஜமுக்காளமோ வேட்டியோ, இழு. மற்றபடி பத்து நிமிஷம் காத்திருப்பது தரையில் விழுந்தவரைத் தூக்குவதை விடச் சீக்கிரம் முடியும்.

#17 சைரன்_சத்தம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அதே நோயாளிக்கு நேற்று டிஸ்சார்ஜ், வீட்டுக்கு நாங்களேதான். ஆஸ்பத்திரி சீட்டில் எடை 182. எங்கள் 159இல் ஏற்ற மாட்டேன் என்று எழுதியே கொடுத்தேன். ஆபீஸில் முணுமுணுத்துவிட்டு, 250 கிலோ ஸ்ட்ரெச்சர் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே வண்டியில் ஏற்றிப் பார்த்தேன், நல்லவேளை. எங்கள் தரைக் கொக்கிக்கும் அதன் காலுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே நிற்கிறது, பூட்டவில்லை. பிரேக் போட்டால் 182 கிலோவோடு டிரைவர் சீட்டுக்கு வந்துவிடும். கடைசியில் அந்தக் கடைக்காரரின் வண்டியையே சேர்த்து எடுத்தோம்.

ஆறு பேர் போனோம். அவர் இப்போது தேறிவிட்டார், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கட்டிலில் இருந்து தானே எழுந்து நாலு அடி நடந்து தாழ்த்தி வைத்த ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தார். நாங்கள் தூக்கவே இல்லை. தலைமாடு உயர்த்தி, போர்த்தி, தாழ்த்தியபடியே வண்டி வரை. அவர் வீட்டுப் பார்க்கிங்கில் ஜாலி மேல் பிளைவுட் போட்டு, தாழ்த்தியபடியே லிஃப்ட் வரை. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, இன்னிக்குப் புதுச் சட்டையா?" என்றார். லிஃப்டில் சக்கர நாற்காலியில் அவர், கூட நாங்கள் இரண்டு பேர் மட்டும், பையன் படியில்.

#18 பழைய_பைலட்

எல்லாம் சரி. பெல்ட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே? அந்த உடம்புக்குச் சாதாரண பெல்ட் எட்டாதே.

#19 சைரன்_சத்தம்

எட்டவில்லைதான். நெஞ்சு, இடுப்பு, தொடை மூன்றுக்கும் நீட்டிப்பு பெல்ட் வேண்டியிருந்தது. ஜிபி ரோட்டில் சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்துத் தைத்து வாங்கினேன், அவசரத்துக்கு.

#20 பழைய_பைலட்

தைத்ததா? நூல் என்ன நூல்? கொக்கி எங்கே வாங்கினாய்? அதைக் கழற்றி வை, இனிமேல் யாருக்கும் போடாதே. ஸ்ட்ரெச்சர் கம்பெனியே நீட்டிப்பு பெல்ட் விற்கிறான், பகுதி எண்ணைத் தனியாக அனுப்புகிறேன்.